செருப்புத் தைப்பவரும் சித்திரம் தீட்டியவரும்

அம்மையார் அமர்ந்திருக்கிறார். உடலைத் தழுவி ஒயிலாகச் சரிகிறது ஆடை. மடியிலே செல்ல நாய்க்குட்டி. முகத்திலே, நமக்கென்ன குறை என்று கேட்பது போன்றதொரு பார்வை.

அமெரிக்கா இங்கிலாந்துக்கு அடிமைப்பட்டுக் குடியேற்ற நாடாக இருந்த காலத்திலே, மாசச்சூசெட்ஸ் பகுதியில் வாழ்ந்த ஒரு செல்வரின் மனைவி அவர். பவர்ஸ் சீமாட்டி. 1763-ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டப்பட்ட அந்தப் படம் இன்று நியூயார்க் நகரத்துப் பெரிய கலைக்கூடத்திலே இருக்கிறது.

பார்த்து மயங்குவோர் மயங்கட்டும். நாம் சற்று நெருங்கிச் சென்று பார்ப்போம். ஆடை அவருடையதல்ல! அமர்ந்திருக்கும் ஒயில் அவருடையதல்ல! மடியிலே இருக்கும் நாய்க்குட்டிகூட அவருடையதல்ல! இங்கிலாந்திலே, காரோலின் ரஸ்ஸல் என்ற பிரபு குலத்துப் பெண்ணை ரெனால்ட்ஸ் என்ற புகழ் பெற்ற ஓவியர் தீட்டினார். அந்தப் படத்தை அச்சிட்டு விற்றார்கள். அச்சுப் படம் கப்பலேறிக் கடல் கடந்து பாஸ்டன் நகருக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்து ஆடை, அமர்வு, நாய் அத்தனையும் அப்படியே எடுத்துக்கொண்டு, தலையை மட்டும் மாற்றி வைத்தார் பாஸ்டன் ஓவியர். உடல் இலண்டன் சீமாட்டியுடையது. தலை மட்டும் நம் அம்மையாருடையது!

இது ஏமாற்று வேலை அல்ல. காசு கொடுத்தவர்களின் ஆசையே அதுதான். ஆளவந்த நாட்டுப் பிரபுக்களைப் போலத் தாமும் காட்சி தர வேண்டும் என்ற ஆசை. ஆண்டையின் நாட்டு ஆடையைப் போர்த்திக்கொண்டால் ஆண்டையாகவே ஆகிவிடலாம் என்ற ஆசை. அந்த ஆசைக்கு வண்ணம் பூசிக் கொடுத்தவரின் பெயர் ஜான் சிங்கிள்டன் காப்ளி.

அவருடைய வாழ்வைத்தான் இன்று சொல்லப் போகிறோம். எந்த நாட்டிலேயோ, எந்தக் காலத்திலேயோ, எவரோ ஒரு சீமாட்டிக்குப் படம் எழுதியவரின் கதை ஆலைத் தொழிலாளிக்கும் அச்சகத் தோழருக்கும் எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். கேட்கட்டும். கதை முடியும்போது, அது கை உழைப்பைப் பற்றிய கதை என்பது விளங்கும்.

* * *

1738-ஆம் ஆண்டு காப்ளி பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிப் பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தவர்கள். தந்தை சீக்கிரமே மறைந்துவிட்டார். தாய் மேரி, கப்பல்கள் வந்து நிற்கும் நீண்ட துறையின் மீது புகையிலைக் கடை வைத்து மகனை வளர்த்தார். மீன் வாடையும் கீல் வாடையும் கலந்து வீசும் இடம். மாலுமிகளின் கூச்சல், மூட்டை தூக்குவோரின் ஓசை, இவைதாம் அந்தச் சிறுவனுக்குத் தாலாட்டு.

1748-இல் தாய் மறுமணம் செய்துகொண்டார். வந்த மாற்றுத் தந்தை பீட்டர் பெல்ஹம், செப்புத் தகட்டிலே உருவம் செதுக்கி அச்சிடும் தொழிலாளி. தொழிலில் கிடைத்தது போதாமல், நடனமும் கணக்கும் கையெழுத்தும் கற்றுக் கொடுத்துக் காலம் தள்ளியவர். அவருடைய பட்டறையிலேதான் சிறுவன் முதன்முதலாக உளியையும் மையையும் வண்ணத்தையும் கண்டான். மூன்றே ஆண்டு! 1751-இல் பெல்ஹமும் இறந்தார். பதின்மூன்று வயதுப் பையன், இரண்டாம் முறை கணவனை இழந்த தாய்க்கும் கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கும் துணையாக நின்றான்.

பள்ளியா? ஓவியக் கல்லூரியா? பாஸ்டனிலே அப்படி ஒன்று கிடையாது. அச்சுப் படங்களே ஆசான். பழைய புத்தகங்களே பாடம். எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை உடற்கூறு நூல்களில் உள்ள படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து கற்றான். 1756-இல் அவன் அப்படி வரைந்த ஏடுகள் இன்றும் இலண்டனில் பிரிட்டிஷ் அரும்பொருள் நிலையத்தில் காக்கப்படுகின்றன. பதினைந்து வயதிலேயே படம் எழுதிக் காசு சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான்.

மெத்தனமாகச் செய்தவர் அல்ல காப்ளி. வண்ணத்தைக் கத்தி முனையிலே குழைத்து, எதிரே அமர்ந்திருப்பவரின் கன்னத்தோடு வைத்து ஒப்பிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே துணியில் தடவுவாராம். ஒரு படத்துக்குப் பதினைந்து பதினாறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறு மணி நேரம் அமரச் சொல்வார் என்பார்கள். பட்டு பட்டாகத் தெரியும். சரிகை சரிகையாக மின்னும். மெருகேற்றிய மேசைப் பலகையிலே கை நிழலாடும். தொட்டால் வழுக்கும் என்று நினைக்கத் தோன்றும். கண்ணும் கையும் சேர்ந்து உழைத்து உழைத்துப் பெற்ற திறமை அது.

* * *

யாருக்காக அந்த உழைப்பு? பாஸ்டன் வணிகப் பெருங்குடியினருக்காக. மீனும் மரமும் ஏற்றுமதி செய்து, சர்க்கரைப் பாகு இறக்குமதி செய்து, அதிலே ரம் வடித்து விற்று, ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி விற்று, மாளிகை கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். மாளிகை கட்டியாயிற்று. சுவர் வெறுமையாக இருக்கலாமா? கணவனுக்கு ஒரு படம், மனைவிக்கு ஒரு படம், இரட்டையாக மாட்டினார்கள். கணவனின் படத்திலே கணக்குப் புத்தகம், கடிதம், கப்பல். மனைவியின் படத்திலே பட்டு, பூ, பழம், பறவை. சட்டமோ, மணமான பெண்ணின் சொத்து கணவனுடையதே என்றது. பட்டு உடுத்தியவளுக்கு அந்தப் பட்டுகூடச் சொந்தமில்லை! அவளே அந்த வீட்டின் செல்வத்தைக் காட்டும் ஓர் அணிகலன்.

ஒரே நீலப் பட்டாடை ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களின் படங்களிலே வருகிறது. அளவெடுக்கத் தையற்காரர் வேண்டாம், ஓவியரே போதும் என்ற நிலை! 1771-இல் காப்ளி நியூயார்க் சென்றார். ஏழு மாதத்திலே முப்பத்தேழு படம் தீட்டினார். அங்கே அவர் தீட்டிய படங்களிலே ஒன்று, அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி கேஜின் மனைவி மார்கரெட் சீமாட்டியுடையது. துருக்கி நாட்டுப் பாணியிலே அங்கி, தலையிலே துணிக்கட்டு. சாய்ந்து அமர்ந்து, கன்னத்திலே கைவைத்து, எங்கோ வெறித்து நோக்குகிறார். துருக்கி எங்கே, நியூயார்க் எங்கே! அது இலண்டனிலே அன்று வழக்கில் இருந்த மோஸ்தர். தாம் எழுதிய பெண்கள் படங்களிலே இதுவே சிறந்தது என்று காப்ளியே கருதினார்.

இந்தப் பட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்போம், தோழர்களே.

1758-ஐ ஒட்டி, இருபது வயது இளைஞராக இருந்தபோது, ராயல் குடும்பத்துச் சகோதரிகள் இருவரைக் காப்ளி தீட்டினார். மேரி, எலிசபெத். ஒரு பெண்ணின் மடியிலே நாய்க்குட்டி. மற்றவளின் விரலிலே தேன்சிட்டு. பளபளக்கும் பட்டு. பார்க்கப் பார்க்க அழகு! அந்தச் சிறுமியரின் தந்தை ஐசக் ராயல். ஆன்டிகுவாத் தீவிலே கரும்புத் தோட்டம் வைத்து, அடிமைகளின் உழைப்பிலே சேர்த்த செல்வம் அந்தக் குடும்பத்தினுடையது. பாஸ்டனுக்கு அருகே மெட்ஃபோர்டு என்ற ஊரிலே அவர்களுடைய மாளிகை. அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டோர், காலப்போக்கில், அறுபது பேருக்கு மேல். மாளிகையும் நிற்கிறது. அதை ஒட்டிய அடிமைகளின் கொட்டடியும் இன்றும் நிற்கிறது.

அந்த வீட்டிலே இன்னொரு பெண் இருந்தாள். பெலிண்டா என்பது அவள் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து குழந்தைப் பருவத்திலேயே பிடித்து வரப்பட்டவள். வாழ்நாளின் பெரும்பகுதியை ராயல் வீட்டிலே உழைத்துத் தேய்த்தவள். பட்டை வெளுத்தது யார், மடித்தது யார், மாட்டிவிட்டது யார்? படத்திலே அவளோ அவளைப் போன்ற ஒருத்தியோ இல்லை. 1775-இல் போர் மூளும் நேரத்தில் எசமானன் ஓடிவிட்டான். 1783-இல், முதுமையும் வறுமையும் வாட்ட, பெலிண்டா மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு மனுக் கொடுத்தாள். கையெழுத்துப் போடத் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கீறல்தான். நான் உழைத்துச் சேர்த்துக் கொடுத்த சொத்திலிருந்து எனக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதே அந்த மனுவின் பொருள். பிச்சை அல்ல, பங்கு! ஆண்டுக்கு 15 பவுன் 12 ஷில்லிங் தரச் சொல்லிச் சட்டமன்றம் ஆணையிட்டது. ஆணை ஏட்டிலே இருந்தது. பணமோ ஒழுங்காக வரவில்லை. மீண்டும் மீண்டும் மனுப் போட வேண்டி வந்தது.

அதே ராயலின் உயில் சொத்தைக் கொண்டு, 1815-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அவருடைய குடும்பச் சின்னமான மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளைச் சட்டக் கல்லூரி தன் சின்னமாகவும் வைத்துக்கொண்டது. மாணவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகே 2016-இல் அந்தச் சின்னம் கைவிடப்பட்டது. படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் படத்துக்குள் வர எத்தனை காலம் பாருங்கள்! இருநூறாண்டுக்கு மேல்!

* * *

காப்ளியைப் பட்டு எழுதும் கருவி என்று மட்டும் சொல்லிவிட்டால் அது நீதியாகாது. ஆடையை இரவல் வாங்கிய அதே கை, முகத்தை இரவல் வாங்க மறுத்தது. கைகளை இரவல் வாங்க மறுத்தது. அங்கேதான் அந்தக் கலைஞர் உயர்ந்து நிற்கிறார்.

1771-இல் தீட்டிய கோல்ட்வெய்ட் அம்மையாரைப் பாருங்கள். பருத்த உடல், இரட்டை மோவாய். பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். மேசையிலே பழத்தட்டு; அதிலே ஒரு பழத்தின்மேல் கை. தோட்டம் பேணி வளர்ப்பதிலே பேர் பெற்றவர் என்பார்கள். அந்தக் கையைப் பார்த்தாலே அது விளங்கிவிடும். அதே ஆண்டில் தீட்டிய டெவரூ அம்மையார், அறுபது வயதைக் கடந்த முதியவர். கடல் கடந்து இலண்டனிலே வாழ்ந்த மகன், தாயின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு எழுதச் சொன்ன படம் அது. ஆடம்பரம் கிடையாது. சுருக்கம் சுருக்கமாகவே இருக்கிறது. தூர தேசத்திலே பிழைக்கப் போன பிள்ளைகளைப் பெற்ற எந்தத் தாயும் அந்த முகத்தைப் புரிந்துகொள்வாள்.

இன்னொருவர் மெர்சி ஓட்டிஸ் வாரன். பட்டும் சரிகையும் பூண்டு, கையில் பூங்கொடி பிடித்து, நல்ல குடும்பத்து மனைவியாக 1763-ஐ ஒட்டிக் காப்ளியின் முன் நின்றவர். அந்தக் கை பூவோடு நிற்கவில்லை. பேனா பிடித்தது! அரசரின் ஆளுநரை எள்ளி நாடகம் எழுதியது. பின்னாளில், 1805-இல், அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அணிகலனாக மாட்டி வைக்க நினைத்த சமுதாயத்துக்கு அந்த அம்மையார் கொடுத்த பதில் அது.

* * *

இனி, நம் கதையின் நடுநாயகமான செய்திக்கு வருகிறோம்.

காப்ளிக்கு ஒரு மனக்குறை. பாஸ்டன் மக்கள் ஓவியத்தைப் பெரிய கலையாக மதிக்கவில்லையாம். தச்சு வேலை, தையல் வேலை, செருப்புத் தைக்கும் வேலை போல அதையும் ஒரு தொழிலாக நினைக்கிறார்களாம். இதை நினைத்து மனம் நொந்து கடிதம் எழுதினார். கலை உலகின் உயர்ந்த பீடத்திலே அமர வேண்டிய தம்மைச் செருப்புத் தைப்பவரோடு சேர்த்துவிட்டார்களே என்ற வருத்தம்!

புகையிலைக் கடைத் தாயின் மகன் இவர். செப்புத் தகடு செதுக்கியவரின் பட்டறையிலே வளர்ந்தவர். இவரா இப்படி வருந்துவது என்று நமக்குத் தோன்றுகிறது. தச்சன் இல்லாவிட்டால் அவருடைய சட்டத்துக்குச் சட்டம் ஏது? தையற்காரர் இல்லாவிட்டால் அவர் தீட்டிய பட்டுக்கு வடிவம் ஏது? செருப்புத் தைப்பவர் இல்லாவிட்டால் சீமாட்டிகள் அவர் வீட்டுப் படியேறியது எப்படி? வருத்தப்பட வேண்டிய சேர்க்கையா அது? பெருமைப்பட வேண்டிய சேர்க்கை அல்லவா!

ஆனால் அவர் ஏணியின் மேல்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு முந்நூறு கினி வருமானம். 1769-இல் சூசன்னா கிளார்க்கை மணந்தார். மாமனார் ரிச்சர்டு கிளார்க் பெரும் வணிகர். பீக்கன் குன்றிலே ஏறத்தாழ 20 ஏக்கர் நிலம் வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்டனின் பெருஞ்செல்வர் ஜான் ஹான்காக். துறைமுகத்துப் பையன் குன்றின்மேல் ஏறிவிட்டான்.

இதிலே ஒரு விந்தை. கைத்தொழிலாளி என்று அழைக்கப்படுவதை வெறுத்த அந்த மனிதரின் கையிலிருந்து பிறந்த மிகச் சிறந்த படங்களிலே ஒன்று, ஒரு கைத்தொழிலாளியின் படம்! 1768-இல் தீட்டியது. வெள்ளித் தட்டான் பால் ரெவியர். மேலங்கி இல்லை. பொய்மயிர் இல்லை. சட்டைக் கையோடு பட்டறையில் அமர்ந்திருக்கிறார். இடக்கையிலே அவரே செய்த தேநீர்க் கெண்டி. எதிரே மேசைமீது செதுக்குக் கருவிகள். மோவாயிலே கைவைத்து, நம்மை நேராகப் பார்க்கிறார். பணிவில்லை, பகட்டில்லை. தன் கையை நம்பி வாழ்பவனின் பார்வை அது. பவர்ஸ் சீமாட்டிக்கு இரவல் உடல் தேவைப்பட்டது. ரெவியருக்குத் தேவைப்படவில்லை. சொந்தக் கை இருந்தது!

1773-இல் மற்றொரு படம். பிலடெல்பியாவிலிருந்து வந்த மிஃப்ளின் தம்பதிகள். செல்வக் குடும்பத்தார்தாம். ஆயினும் கணவர் பின்னே இருக்கிறார். முன்னே இருக்கும் சாரா அம்மையார் சிறு தறியொன்றில் கரைத்துணி நெய்துகொண்டிருக்கிறார். விரல்களிலே நூல் ஓடுகிறது. இங்கிலாந்துச் சரக்கு வேண்டாம், வரி கட்டமாட்டோம், நாமே நெய்வோம் என்று குடியேற்ற நாட்டுப் பெண்கள் உறுதி பூண்டிருந்த நேரம் அது. இராட்டையின் வலிமையைக் கண்ட நம் நாட்டு மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? நாய்க்குட்டி இருந்த மடியிலே தறி வந்து அமர்ந்துவிட்டது!

* * *

கலைஞனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்டவர் காப்ளி. கட்சிச் சண்டை ஓவியனுக்கும் இன்பம் தராது, கலைக்கும் நன்மை தராது என்று 1770-லேயே எழுதினார். அரசரின் ஆட்களையும் தீட்டினார். அரசரை எதிர்த்த ஹான்காக்கையும் சாமுவேல் ஆடம்சையும் தீட்டினார். எவர் வந்தாலும் இருக்கை போடுவார். ஆனால் அரசியல் அவரைச் சும்மா விட்டதா? தேயிலைப் பெட்டியாக வந்து கதவைத் தட்டியது.

கிழக்கிந்தியக் கம்பெனியை நமக்குத் தெரியும். கோட்டையிலே கொடி ஏற்றி நம்மை ஆண்ட அதே கம்பெனி. 1773-இல் அது கடனில் மூழ்கிக் கிடந்தது. கிடங்கிலே தேயிலை மலையாகக் குவிந்திருந்தது. அதை அமெரிக்கர் தலையில் கட்ட இலண்டன் பாராளுமன்றம் சட்டம் செய்தது. அதே ஆண்டிலேதான் கம்பெனிப் படை ஆர்க்காட்டு நவாபுக்குத் துணை நின்று தஞ்சையைப் பிடித்துக் கொடுத்தது என்பதையும் நினைவில் வைப்போம். ஒரு கையால் தஞ்சைக் கழனியைத் தொட்டது. மறு கையால் பாஸ்டன் துறையைத் தொட்டது.

பாஸ்டனிலே அந்தத் தேயிலையை வாங்கி விற்க நியமிக்கப்பட்டவர்களுள் ஒருவர், நம் ஓவியரின் மாமனார் கிளார்க்! மக்கள் கொதித்தெழுந்தார்கள். கிளார்க்கின் வீட்டைத் தாக்கினார்கள். கிளார்க்கின் கூட்டத்தார் துறைமுகத் தீவுக் கோட்டையிலே புகலடைந்தார்கள். காப்ளி நடுவிலே நின்றார். மக்கள் கூட்டத்திலே எழுந்து, அவர்கள் வந்தால் பாதுகாப்பு உண்டா என்று கேட்டார். படகேறித் தீவுக்குப் போனார். திரும்பி வந்தார். ஒருவரும் இறங்கி வரவில்லை. கூச்ச சுபாவமுள்ள மனிதர் அன்று துணிந்து செய்தார் என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் இரண்டு கரைக்கும் நடுவிலே எத்தனை நாள் படகு ஓட்ட முடியும்?

1773 டிசம்பர் 16. இரவு. மூன்று கப்பல்களில் இருந்த ஏறத்தாழ 340 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. கொட்டியவர்களிலே ஒருவர் ஜார்ஜ் ராபர்ட் ட்வெல்வ்ஸ் ஹ்யூஸ். அவருடைய தொழில் என்ன தெரியுமா? செருப்புத் தைப்பது!

குள்ளமான மனிதர். பரம ஏழை. 1770-இல் ஒரு நல்ல மேலங்கி தைத்துக்கொண்ட கடனை அடைக்க முடியாமல் சிறைக்குப் போனவர். சீமாட்டிகள் இல்லாத ஆடையைப் படத்திலே உடுத்திக்கொண்ட அதே ஊரில், ஓர் ஏழை ஒரே ஓர் ஆடைக்காகச் சிறை சென்றான்! அந்த ஹ்யூஸ், கொல்லர் பட்டறைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு துறைக்குச் சென்றார். விடிந்ததும் செய்தியைச் சுமந்து நியூயார்க்குக்குக் குதிரையில் விரைந்தவர் ரெவியர். ஓவியர் எந்தக் கைகளோடு தம்மைச் சேர்த்துப் பேசலாகாது என்றாரோ, அந்தக் கைகள் அன்று வரலாற்றை எழுதின.

1774 ஏப்ரலில், அரசர் பக்கத்து மனிதர் ஒருவரைத் தேடிக் கூட்டமொன்று நள்ளிரவிலே காப்ளியின் வீட்டுக் கதவைத் தட்டியது. ஜூன் மாதம் அவர் கப்பல் ஏறினார். மனைவி மக்களை அழைத்துக்கொள்ள ஓராண்டு ஆயிற்று. தாய் மேரி பாஸ்டனிலேயே தங்கிவிட்டார். பிறந்த மண்ணைக் காப்ளி மறுபடி மிதிக்கவில்லை. 1775 ஏப்ரலில் தளபதி கேஜ் படையை அனுப்பினார். அதை அறிவித்து ஊர் ஊராகக் குதிரை ஓட்டினார் ரெவியர். தளபதியின் மனைவியும் வெள்ளித் தட்டானும் காப்ளியின் தூரிகைக்கு எதிரே அமர்ந்தவர்கள்தாம். தீட்டிய கை மட்டும் அப்போது கடலுக்கு அப்பால் இருந்தது.

* * *

இலண்டன் அவருக்கு ஆசைப்பட்டதைக் கொடுத்தது. 1779-இல் அரசக் கலைக்கழகத்தின் முழு உறுப்பினர். பெரிய பெரிய வரலாற்றுப் படங்கள். அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகள்களைத் தீட்டும் வாய்ப்பு. 1778-இல் தீட்டிய வாட்சனும் சுறாவும் என்ற படம் இன்றும் புகழோடு திகழ்கிறது. கடலில் விழுந்த சிறுவனைச் சுறா கவ்வ வருகிறது. படகில் இருப்போர் காப்பாற்றத் துடிக்கிறார்கள். அந்தப் படகின் உச்சியிலே, கையிலே கயிறு பிடித்து நிற்பவர் ஒரு கறுப்பு மாலுமி! ராயல் வீட்டுப் படத்திலே இடமில்லாத நிறம், இங்கே உச்சியிலே வந்து நிற்கிறது. காப்ளிக்கு இதற்காக நன்றி சொல்லலாம்.

ஆனால் மேல்படியிலே நிம்மதி இல்லை. கலைக்கழகத்தாரோடு சண்டை. இரண்டு குழந்தைகளை நோய் கொண்டு போயிற்று. பீக்கன் குன்று நிலத்தை 1795-இல் அவருடைய முகவர் விற்றுவிட்டார். பின்னர் அதன் மதிப்பு பன்மடங்காயிற்று. ஓவியரின் மனப்புண் ஆறவில்லை. பெரிய மனிதராக வாழக் கடன். கடன் மேல் கடன். கையின் திறமும் தளர்ந்தது. 1815 செப்டம்பர் 9-ஆம் நாள் மறைந்தார். கடனை அடைத்தவர் மகன். அந்த மகன் 1827-இல் இங்கிலாந்தின் உயர் நீதித்துறைத் தலைவராகி, லிண்டர்ஸ்ட் பிரபு ஆனார். 1832-இல், வாக்குரிமையைச் சற்றே விரிவாக்க வந்த சீர்திருத்தச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையிலே எதிர்த்து நின்றவர்களின் முன்வரிசையிலே அவர் இருந்தார். துறைமுகத்துப் புகையிலைக் கடைக்காரியின் பேரன்! ஏறிய ஏணியை எட்டி உதைப்பது எவ்வளவு எளிது பாருங்கள்!

கலை அறிந்தோர் பலர் சொல்லும் தீர்ப்பு ஒன்று உண்டு. இலண்டனில் தீட்டிய பெரிய படங்களைவிட, பாஸ்டனிலே தச்சனுக்கும் தட்டானுக்கும் நடுவே வாழ்ந்தபோது தீட்டிய முகங்களே காப்ளியின் நிலைத்த புகழுக்குக் காரணம் என்பது. அந்தத் தீர்ப்பு நமக்கு உடன்பாடே. தொழிலாளியாக இருந்தபோதுதான் அவர் பெருங்கலைஞராக இருந்தார்.

செருப்புத் தைத்த ஹ்யூஸ் என்ன ஆனார்? போரிலே கலந்துகொண்டார். ஏழையாகவே வாழ்ந்தார். தொண்ணூறு வயது கடந்த பிறகு நாடு அவரைக் கண்டுபிடித்தது. 1835-இல் பாஸ்டனுக்கு அழைத்து விடுதலை நாள் விழாவிலே பெருமைப்படுத்தினார்கள். அந்த ஆண்டிலேயே ஜோசப் கோல் என்ற ஓவியர் அவருடைய உருவத்தைத் தீட்டினார். கைத்தடி பிடித்த முதியவர், பட்டில்லை, நாய்க்குட்டி இல்லை, இரவல் உடல் இல்லை. ஓவியனைச் செருப்புத் தைப்பவனோடு சேர்க்கலாமா என்ற கேள்விக்கு வரலாறு சட்டம் போட்டு மாட்டிய விடை அந்தப் படம்.

தோழர்களே! பெரிய மாளிகைகளிலே, கலைக்கூடங்களிலே, பட்டுடுத்திய படங்களின் முன்னே நிற்க நேரும்போது தலை தாழ்ந்து நிற்க வேண்டாம். பட்டை நெய்தது யார், வெளுத்தது யார், அதைக் கண்ணெதிரே நிறுத்திய கை யாருடையது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே தொங்குவது அவர்கள் செல்வம் மட்டுமல்ல. நம்மைப் போன்றவர்களின் உழைப்பு!